கண் கிறீம் வாங்குமுன்: கருவளையம், வீக்கம், சுருக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு பாமசிக்குள் போனால் ஒரே தட்டில் பத்துப் பதினைந்து கண் கிறீம்கள் அடுக்கியிருக்கும். பெரும்பாலான பெட்டிகளில் கருவளையம், வீக்கம், சுருக்கம் மூன்றும் போகும் என்றே எழுதியிருக்கும். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு, வேலை செய்யும் பொருளும் வேறு. உங்கள் பிரச்சினை எது என்று தெரியாமல் வாங்கினால் காசும் போகும், மூன்று மாதமும் போகும்.

கண்ணுக்கென்று தனியாக ஒரு கிறீம் வேண்டுமா?

எல்லாருக்கும் வேண்டாம். கண் இமையின் தோல் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான்; உடம்பில் மிக மெல்லிய தோல் அதுதான். எண்ணெய் சுரப்பிகளும் அங்கே குறைவு. அதனால் சீக்கிரம் காயும், சீக்கிரம் எரியும். நீங்கள் முகத்துக்குப் பூசும் கிறீமில் வாசனை இல்லாமல், கண்ணருகில் பூசினாலும் எரியாமல், உங்களுக்குத் தேவையான பொருளும் இருந்தால் அதையே கண்ணைச் சுற்றியும் பூசலாம். தனிக் கிறீமுக்குக் காசு கொடுப்பது நியாயமாகும் இடங்கள் சில உண்டு: முகக் கிறீம் கண்ணருகில் எரிகிறது, முகத்துக்குப் பூசும் ரெட்டினோல் (சுருக்கத்துக்கான வைட்டமின் ஏ வகைப் பொருள்) கண்ணுக்குக் கடுமையாக இருக்கிறது, அல்லது வீக்கத்துக்குக் கஃபீன் தேவைப்படுகிறது.

என் கருவளையம் எந்த வகை என்று எப்படி அறிவது?

பகல் வெளிச்சத்தில் யன்னல் பக்கம் முகம் காட்டி, கையில் ஒரு கண்ணாடியுடன் நில்லுங்கள். கண்மை, பவுடர் எதுவும் இருக்கக்கூடாது. மூன்று சோதனை செய்யவேண்டும்.

முதலில், கண்ணுக்குக் கீழே உள்ள தோலை ஒரு விரலால் மெதுவாகக் கன்னப்பக்கம் இழுங்கள். பழுப்பு நிறம் மாறாமல் தோலோடு சேர்ந்து நகர்ந்தால் அது நிறமியால் வந்த கருமை. இழுத்ததும் ஊதா அல்லது நீலம் இன்னும் தெளிவாகத் தெரிந்தால் மெல்லிய தோலின் அடியில் இருக்கும் இரத்தக் குழாய்களின் நிறம் அது. அடுத்து, அதே இடத்தை விரலால் ஒரு கணம் அழுத்தி எடுங்கள். வெளிறிப் போய்த் திரும்ப நிறம் வந்தால் அதுவும் இரத்தக் குழாய் வகைக்கே சாட்சி. கடைசியாக, நாடியை உயர்த்தி வெளிச்சம் நேராக முகத்தில் விழும்படி பாருங்கள். கருமை மறைந்துவிட்டால் அது நிறமே அல்ல, கண்ணுக்கும் கன்னத்துக்கும் இடையில் உள்ள பள்ளத்தின் நிழல்.

நம்மைப் போன்ற மாநிறத் தோலில் நிறமி வகை மிகச் சாதாரணம். ஒரே ஆளிடம் இரண்டு வகை கலந்திருப்பதும் அடிக்கடி காண்பதுதான். அப்படியென்றால் எது தூக்கலாகத் தெரிகிறதோ அதற்கு முதலில் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே நாளில் இரண்டு புதுக் கிறீம் தொடங்கவேண்டாம். எரிந்தால் எதனால் எரிந்தது என்று தெரியாமல் போகும்.

பழுப்புக் கருமைக்கு எந்தப் பொருள் பார்க்கவேண்டும்?

நயசினமைட் (வைட்டமின் பி3 வகை) 2 முதல் 5 சதவீதம். தொடங்குவதற்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை என்றே சொல்வோம். தோலின் அடியில் உருவாகும் நிறமி மேல் அடுக்குக் கலங்களுக்குப் போய்ச் சேர்வதை அது குறைக்கிறது. தோலின் ஈரத்தையும் காக்கிறது. 10 சதவீதம் என்றால் இரண்டு மடங்கு பலன் என்று நினைத்து வாங்குகிறார்கள். கண்ணருகில் அந்த அளவு பலருக்குச் சிவந்து எரிகிறது. எரிச்சல் ஆறும்போது புதுக் கருமையை விட்டுப் போகும் என்பதுதான் நம் தோலின் பெரிய சிக்கல்.

வைட்டமின் சி நல்லதே. ஆனால் சீரங்களில் வரும் அஸ்கோர்பிக் அமிலம், அதாவது நேரடி வைட்டமின் சி, 15, 20 சதவீதத்தில் கண்ணுக்குக் கீழே பூசும் பொருள் அல்ல. அது வேலை செய்வதற்குப் புளிப்பு மிகுந்த கரைசல் வேண்டும். மெல்லிய தோல் அதைத் தாங்காது. அஸ்கோர்பைல் குளுக்கோசைட், மக்னீசியம் அஸ்கோர்பைல் பொஸ்பேட் என்று லேபிளில் இருக்கும் வைட்டமின் சி வகைகள் மெதுவாக வேலை செய்தாலும் எரிச்சல் குறைவு. டிரனெக்சாமிக் அமிலம், அதிமதுரச் சாறு, 1 சதவீதத்துக்கு மேற்படாத கோஜிக் அமிலம் ஆகியவையும் பொருத்தமானவை. தோலை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோன் கலந்ததை மட்டும் தோல் வைத்தியர் எழுதித் தராமல் தொடவேண்டாம். நீண்ட காலம் பூசினால் நீலம் பாய்ந்த கருந்திட்டு விழும். அதை எடுப்பது பழைய கருவளையத்தை எடுப்பதைவிடக் கடினம்.

இவை எல்லாம் பாதிதான். மற்றப் பாதி வெயில். கொழும்பில் ஏப்ரல் முற்பாதியிலும் திரும்பச் செப்டெம்பர் தொடக்கத்திலும் மதியச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தெளிந்த நாளில் புறஊதாச் சுட்டெண் (வெயிலின் புறஊதாக் கதிர் வலுவைக் காட்டும் எண்), மிகக் கடுமை என்று கொள்ளும் 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். பஸ்ஸில் யன்னல் ஓரத்தில் இருந்தால் கண்ணாடி காக்கும் என்று நம்பவேண்டாம். தோலைச் சிவக்கவைக்கும் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கும், கருக்கவைக்கும் யூவிஏ கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். முச்சக்கரவண்டியில் அந்தத் தடுப்பும் இல்லை. ஆகவே எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிறீன் தினமும் தேவை. மாநிறத் தோலுக்கு அயன் ஒக்சைட் கலந்த, லேசான தோல் நிறமுள்ள சன்ஸ்கிறீன் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலைக் கருக்கவைக்கும், அதைத் தடுப்பது அந்த நிறப்பொருள்தான்.

சன்ஸ்கிறீன் வியர்வையில் வழிந்து கண்ணுக்குள் போய் எரிகிறது என்று பலர் கண்ணைச் சுற்றி மட்டும் பூசாமல் விடுகிறார்கள். சிங்க் ஒக்சைட் உள்ள குச்சி வடிவச் சன்ஸ்கிறீன் வாங்கிப் பாருங்கள். வழிவதும் குறைவு, எரிவதும் குறைவு.

நீல, ஊதா நிறக் கருமைக்கு?

கஃபீன் இரத்தக் குழாய்களைச் சற்றுச் சுருங்கவைக்கும். சில மணிநேரத்துக்கு நிறம் தணியும். நிரந்தரம் அல்ல, தினமும் காலையில் பூசவேண்டும். நீண்ட காலப் பலனுக்கு ரெட்டினோல்: மாதக்கணக்கில் தோலைத் தாங்கும் புரதமான கொலஜனைக் கூட்டி, அடியில் உள்ளது தெரியாமல் ஆக்குகிறது. இரத்தச்சோகை இருந்தால் முகம் வெளிறிக் கருவளையம் எடுப்பாகத் தெரியும். மாதவிடாய் அதிகம் போகிறவர்களும் எளிதில் களைப்பவர்களும் கிறீமுக்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பள்ளத்தின் நிழல் என்றால்?

எந்தக் கிறீமும் பள்ளத்தை நிரப்பாது. நிரப்பும் ஊசி வேண்டுமென்றால் அதற்குப் பயிற்சி பெற்ற வைத்தியரிடம் மட்டும் போங்கள். அழகு நிலையத்தில் ஒருபோதும் போட்டுக்கொள்ளாதீர்கள். கண்ணருகில் இரத்தக் குழாய்க்குள் ஊசி ஏறினால் பார்வையே போகக்கூடும்.

காலையில் கண் வீங்கியிருக்கிறது. எது உதவும்?

முதலில் மதியம் ஒருமுறை கண்ணாடி பாருங்கள். காலையில் இருந்து, மதியத்துக்குள் வடிந்தால் அது நீர். நாள் முழுக்க ஒரே அளவில் இருந்தால் கண்ணடியில் முன்தள்ளிய கொழுப்பு. அதற்குக் கிறீம் இல்லை.

நீர் வீக்கத்துக்குக் குளிர்ச்சியும் கஃபீனும் போதும். கண் கிறீமைப் பிரிட்ஜில் வைத்து எடுத்துப் பூசினால் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். இரவில் தலையணையைச் சற்று உயர்த்துங்கள். உப்பையும் கவனியுங்கள். உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டிக்குள். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே இராச்சாப்பாட்டில் சேர்ந்தால் அடுத்த நாள் காலை கண் காட்டிவிடும்.

சுருக்கத்துக்கு ரெட்டினோலை எப்படித் தொடங்குவது?

பூசும் முறையில் பிழைத்துப்போவது மற்றப் பொருட்களைவிட இதில்தான் அதிகம். 0.1 சதவீதம் அல்லது அதற்குக் குறைந்ததில் தொடங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முகப்பூச்சுகளுக்கு 2024இல் வைத்த உச்ச அளவே 0.3 சதவீதம், கண்ணுக்கு அதற்கு மேல் தேடவேண்டிய தேவையே இல்லை. லேபிளில் ரெட்டினைல் பல்மிட்டேட் என்று இருந்தால் அது மென்மையானது, வலுவும் குறைவு. ரெட்டினால் என்று இருந்தால் ரெட்டினோலைவிட வலு கூடியது. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், கவனித்து வாசியுங்கள்.

முகம் கழுவித் துவாயால் ஒற்றி, தோல் முற்றாக உலரப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஈரத்தோலில் பூசினால் ஆழமாக இறங்கி எரிக்கும். முதலில் சாதாரண ஈரப்பூச்சு ஒரு மெல்லிய படை, அதன்மேல் ரெட்டினோல், திரும்ப ஈரப்பூச்சு. மேல் இமையில் பூசவேண்டாம். கீழ் இமை மயிரிலிருந்து ஒரு விரல் அகலம் கீழே, எலும்பு தட்டுப்படும் இடத்தோடு நிறுத்துங்கள். தூக்கத்தில் அது தானாகவே மேலே பரவும். முதல் இரண்டு கிழமை கிழமைக்கு இரண்டு இரவு, அடுத்த இரண்டு கிழமை மூன்று இரவு, பிறகு தாங்குமானால் ஒன்றுவிட்ட ஓர் இரவு. பழ அமிலம் கலந்தது எதையும் அதே இரவில் பூசவேண்டாம். கண் உலர்வு இருப்பவர்கள் ரெட்டினோலைக் கண்ணருகில் தவிர்ப்பதே நல்லது. இமை விளிம்பில் கண்ணீருக்கு எண்ணெய் தரும் சுரப்பிகளை அது மேலும் சோர்வாக்கலாம்.

தோல் உரிந்தால் முற்றாக நிறுத்தி, ஆறியபின் குறைந்த எண்ணிக்கையில் திரும்பத் தொடங்குங்கள். உரியும்போதே விடாமல் பூசினால் தோல் பழகிவிடும் என்று சொல்வது தவறு.

கர்ப்பமாக இருக்கும்போது?

ரெட்டினோல், ரெட்டினால், டிரெட்டினோயின் (வைத்தியர் எழுதித் தரும் வலுவான வைட்டமின் ஏ வகை) எதுவும் வேண்டாம். கருத்தரிக்க முயலும்போதே நிறுத்திவிடுங்கள். நயசினமைட், வைட்டமின் சி, ஹயலுரோனிக் அமிலம், சிங்க் ஒக்சைட் சன்ஸ்கிறீன் பூசலாம்.

ஹயலுரோனிக் அமிலம், செரமைட், பெப்டைட் என்று எழுதியிருப்பவை?

முதல் இரண்டும் ஈரத்துக்கு. காய்ந்த தோலில் தெரியும் நுண்ணிய கோடுகள் பூசிய சில நிமிடங்களில் மங்கும். கழுவினால் திரும்ப வரும். நாள் முழுக்கக் குளிரூட்டியில் வேலை செய்கிறவர்கள் ஹயலுரோனிக் அமிலத்தைத் தனியாகப் பூசி விடாமல், மேலே செரமைட் அல்லது ஸ்குவாலேன் உள்ள கிறீமால் மூடவேண்டும். இல்லாவிட்டால் பிடித்த ஈரம் காற்றோடு போய்விடும். பெப்டைட் என்பது சிறு புரதத் துண்டு; ரெட்டினோலைத் தாங்காதவர்களுக்கு ஒரு மாற்று. பலன் மிதமானது, விலைதான் அதிகம்.

லேபிளில் எதைப் பார்ப்பது?

பொருட்கள் அளவின் இறங்குவரிசையில் இருக்கும். 1 சதவீதத்துக்குக் குறைந்தவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். இதற்கு ஒரு நல்ல அடையாளம் ஃபீனொக்சிஎதனோல் என்ற பாதுகாப்புப் பொருள். ஐரோப்பிய விதிப்படி அது 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே அதற்குப் பின்னால் வரும் நயசினமைட் பேருக்குத்தான் இருக்கிறது. ரெட்டினோலும் பெப்டைட்டும் பின்னால் வந்தால் பரவாயில்லை, அவை சிறிய அளவிலேயே வேலை செய்பவை. பர்ஃபம், லினலூல், லிமொனின், புதினா எண்ணெய் என்று கண்டால் திருப்பி வையுங்கள்.

அகன்ற வாய்ச் சிமிழைவிட டியூப் அல்லது பம்ப் போத்தல் நல்லது. விரல் படாது, காற்றும் குறைவாகப் படும். திறந்த டப்பாப் படத்துக்குள் 6 அல்லது 12 என்ற எண் இருந்தால் திறந்தபின் அத்தனை மாதம். கொழும்பு வெக்கையில் குளியலறைத் தட்டில் வைத்தால் அவ்வளவு நாள் தாங்காது. வைட்டமின் சி செம்மஞ்சளாகிவிட்டால் எறிந்துவிடுங்கள். விலையை மில்லிலீற்றரால் வகுத்துப் பாருங்கள்: 15 மில்லி 4,500 ரூபாய் என்றால் ஒரு மில்லி 300 ரூபாய். அதே பொருள் உள்ள முகக் கிறீம் பலமுறை இதில் கால்வாசிக்கு வரும்.

எவ்வளவு பூசுவது, எந்த வரிசையில்?

ஒரு கண்ணுக்கு ஒரு பச்சைப்பயறு அளவு. காலையும் இரவும் பூசினால் 15 மில்லி டியூப் ஏறத்தாழ இரண்டரை மாதம் வரும். ஒரு மாதத்தில் முடிந்தால் நீங்கள் கூடுதலாகப் பூசுகிறீர்கள். மோதிர விரலால், கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் புள்ளி புள்ளியாக வைத்து ஒற்றுங்கள், தேய்க்கவேண்டாம். காலையில் கண் கிறீம், ஈரப்பூச்சு, கடைசியாகச் சன்ஸ்கிறீன். கொன்ராக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸைப் போட்ட பிறகு பூசுங்கள்.

புது டியூப்பை நேரே கண்ணுக்குக் கொண்டுபோகவேண்டாம். முழங்கை மடிப்பின் உட்பக்கம் நாளுக்கு இருமுறை, ஏழு நாள் பூசிப் பாருங்கள். ஒவ்வாமை பல நேரம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ஓர் இரவு பார்த்து முடிவெடுப்பது போதாது.

பூசத் தொடங்கியபின் வெள்ளைக் குருணை போல வந்திருக்கிறது.

ஊசிமுனை அளவில் கெட்டியாக வெள்ளையாக இருந்தால் மிலியா; தோல் செதில் உள்ளே அடைபட்டது. கனமான எண்ணெய்க் கிறீம்தான் வழக்கமான காரணம். இங்குள்ள புழுக்கத்துக்குக் கனத்த கிறீம் பெரும்பாலும் தேவையில்லை, ஜெல் வகைக்கு மாறுங்கள். கிள்ளவோ ஊசியால் குத்தவோ வேண்டாம். தோல் நிறத்திலேயே கூட்டமாக இருந்தால் அது சிரிங்கோமா என்ற வியர்வைச் சுரப்பிக் கட்டியாக இருக்கலாம். மூக்குப் பக்கம் மஞ்சள் படலம் போலிருந்தால் கொலஸ்திரோல் பரிசோதனை செய்யுங்கள். இவை இரண்டும் கிறீமால் வந்ததும் அல்ல, கிறீமால் போவதும் அல்ல.

ஒரு கிழமையில் வெளுக்கும் என்று புறக்கோட்டையில் மலிவாக விற்கிறார்களே?

தயவுசெய்து கண்ணருகில் கொண்டுபோகாதீர்கள். ஒரு கிழமையில் தோல் வெளுக்கிறதென்றால் உள்ளே இரசமோ (பாதரசம்) கடும் ஸ்டீரொய்டோ இருக்கக்கூடும். இரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். பூசுகிறவரின் கையிலிருந்தும் துவாயிலிருந்தும் வீட்டுக் குழந்தைக்கும் போகும். உலகளவில் பேசப்படும் எல்லை கிலோவுக்கு 1 மில்லிகிராம். சட்டவிரோதக் கிறீம்களில் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இருந்திருக்கிறது. பொருட்பட்டியல் இல்லை, தயாரிப்பாளர் முகவரி இல்லை, தங்கம் வெள்ளி நகையில் படக்கூடாது என்ற எச்சரிக்கை, கலமெல் என்ற பெயர் அல்லது மெர்க்கூரி என்று தொடங்கும் பெயர் (இரண்டும் இரசம் கலந்தவை): இவற்றில் ஒன்று இருந்தாலும் வாங்கவேண்டாம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்பவை ஸ்டீரொய்டு. கண்ணருகில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிவதோடு கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். மாதக்கணக்கில் பூசியவர்கள் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும். வைத்தியரிடம் சொல்லியே குறைக்கவேண்டும். சந்தேகப் பொருளைப் பற்றி நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

தேசிக்காய், உருளைக்கிழங்கு, தேயிலைப் பை?

தேசிக்காய் வேண்டவே வேண்டாம். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து மாதக்கணக்கில் கருக்கும். கற்றாழை பூசுவதானால் மஞ்சள் பால் முழுக்க வடிந்தபின் உள்ளே உள்ள கூழ் மட்டும். தேயிலைப் பையை நனைத்துக் குளிரவைத்துப் பத்து நிமிடம் வைப்பது வீக்கத்துக்கு நல்லது. அதில் குளிர்ச்சியின் பங்குதான் பெரியது. உருளைக்கிழங்கிலும் அதே குளிர்ச்சிதான்.

கண்மையும் சுர்மாவும் கருமையைக் கூட்டுமா?

இரவில் தேய்த்துத் தேய்த்து எடுப்பதுதான் கூட்டும். பஞ்சை மைசெல்லர் நீர் என்ற ஒப்பனை நீக்கும் திரவத்தில் நனைத்து அரை நிமிடம் வைத்து, பிறகு ஒரே இழுப்பில் துடையுங்கள். பொடியாக விற்கும் சில சுர்மாக்களில் ஈயம் இருக்கிறது. குழந்தைகளின் கண்ணில் எக்காரணம் கொண்டும் இடாதீர்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கருவளையம். என்ன பூசலாம்?

கிறீம் வேண்டாம். பிள்ளை காலையில் தும்முகிறதா, மூக்கைத் தேய்க்கிறதா, கண்ணைக் கசக்குகிறதா என்று பாருங்கள். ஒவ்வாமையில் மூக்கு அடைபடும்போது கண்ணடியில் இரத்தம் தேங்கிக் கருக்கும். கசக்கக் கசக்க நிறமியும் கூடும். கொழும்பின் ஈரக்காற்றில் படுக்கைத் தூசிச் சிற்றுண்ணி நன்றாகப் பெருகும். தலையணை உறையையும் விரிப்பையும் கிழமைக்கு ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மருந்து தேவையா என்பதை வைத்தியர் சொல்லட்டும். பெரியவர்களில் பலருக்கும் இதே காரணம்தான்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

வீக்கம் நிமிடங்களில். ஈரம் அன்றைக்கே. பழுப்புக் கருமைக்கு 8 முதல் 12 கிழமை, சுருக்கத்துக்கு மூன்று முதல் ஆறு மாதம். முதல் நாளே ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. பன்னிரண்டு கிழமையில் படத்தில் வித்தியாசம் இல்லையென்றால் அந்த டியூப்பைத் திரும்ப வாங்கவேண்டாம்.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்?

ஒரு கண் மட்டும் சிவந்து வீங்கி, வலியோ காய்ச்சலோ பார்வை மங்கலோ இருந்தால் அன்றைக்கே, தேசிய கண் வைத்தியசாலை போன்ற இடத்துக்கு. கண்ணோடு காலும் வீங்கினால் சிறுநீரகமும் தைரொயிட்டும் பார்க்கவேண்டும். இமை அரித்துச் செதில் விட்டால் அது எக்சிமாவாகவோ ஒவ்வாமையாகவோ இருக்கலாம். பூசுவதை எல்லாம் நிறுத்திவிட்டு, பூசிய டியூப்புகளையும் கையோடு கொண்டுபோங்கள். கண் அழுத்தத்துக்கு லற்றனோபுரொஸ்ட், பைமற்றோபுரொஸ்ட் சொட்டு மருந்து விடுகிறவர்களுக்கு அந்த மருந்தே இமையைக் கருக்கவைக்கும். அழகைக் கருதிச் சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பார்வை போனால் திரும்ப வராது. எழுதித் தந்த கண் வைத்தியரிடமே கேளுங்கள், பல நேரம் மாற்று மருந்து இருக்கும்.